எண்ணெய்க்குக் கலம் சமைத்த லுட்விக் நோபெல்

நோபெல் என்னும் பெயரைக் கேட்டவுடன் பரிசும் வெடிமருந்துமே பலர் நினைவுக்கு வரும். அவ்விரண்டும் அல்பிரட் நோபெலுக்கு உரியன. அவர் தமையனார் லுட்விக்கை அறிந்தார் மிகச் சிலர். ஆயினும், கடல்வழிச் செல்லும் எண்ணெய் மாலுமிகளையும் கடலையும் வருத்தாது கரைசேர வேண்டும் என விழைவோர் முதலில் நினைக்கத் தக்கவர் லுட்விக்கே என்பது என் துணிபு.

1831இல் சுவீடனின் தலைநகராகிய ஸ்டொக்ஹோமிற் பிறந்த அவர், இளமையிலேயே குடும்பத்துடன் ருஷ்யாவின் சென். பீற்றர்ஸ்பேர்க் நகரிற் குடியேறினார். தந்தையார் அங்கு நடத்திய தொழிற்சாலை கிரிமியப் போரின் பின்னர் நொடித்துப் போயிற்று. லுட்விக் மனந்தளர்ந்தாரல்லர், 1862இல் தமக்கென ஓர் இயந்திரத் தொழிற்சாலையை நிறுவி முன்னேறினார்.

எண்ணெய் அவர் வாழ்விற் புகுந்தது தற்செயலாகவே. துப்பாக்கிகளுக்குப் பிடி அமைக்க நல்ல மரம் தேடி, 1873இல் மூத்தவர் றொபேட் கோக்கேசியப் பகுதிக்குச் சென்றார். காஸ்பியன் கரையிலுள்ள பாக்கு நகரை அடைந்தவர், மரத்துக்கென லுட்விக் கொடுத்த 25,000 றூபிளுக்கு எண்ணெய் சுத்திகரிக்கும் ஆலையொன்றை வாங்கிவிட்டார்!

அந்நாளில் எண்ணெய் மரப்பீப்பாய்களிலேயே ஏற்றப்பட்டது. பீப்பாயின் விலை பெரிது. அதன் ஒழுக்கும் பெரிது. பீப்பாயை ஒழித்துக் கப்பலையே கலமாக்க லுட்விக் எண்ணினார். எண்ணுதல் எளிது, செய்தல் அரிது. எண்ணெய் வெப்பத்தால் விரியும், குளிராற் சுருங்கும். கப்பல் ஒரு பக்கம் சாய்ந்தால் தானும் அப்பக்கம் ஓடித் திரண்டு அதனைக் கவிழ்க்க முனையும். போதாக்குறைக்குத் தீப்பற்றும் ஆவியையும் எழுப்பும். இக்குணங்களையெல்லாம் ஆராய்ந்தே 1878இல் சுவீடனிற் கட்டுவித்த சொறாஸ்டர் என்னும் கப்பலை அவர் காஸ்பியன் கடலில் மிதக்கவிட்டார். 184 அடி நீளமுள்ள அக்கப்பலில், குழாய்களால் இணைந்த இரண்டு இரும்புத் தொட்டிகளும் நீர்புகாத 21 அறைகளும் இருந்தன. பின்வந்த கப்பல்களில் தனித்தொட்டியையும் நீக்கி, கப்பலின் உடலையே தடுப்புச் சுவர்களாற் பகுத்தார். அவற்றுக்கு மோசே, புத்தர், சோக்கிரதர், டார்வின் எனப் பெயர்கள் சூட்டப்பட்டன.

1881இல் பெருந்துயர் நேர்ந்தது. நோர்டன்ஸ்கியோல்ட் என்னும் கப்பலில் மண்ணெண்ணெய் ஏற்றும்போது, காற்று மோதிக் கப்பல் அசையக் குழாய் விலகிற்று. சிந்திய எண்ணெய் இயந்திர அறைக்குள் வழிந்தது. அங்கே விளக்கொளியிற் சிலர் வேலைசெய்து கொண்டிருந்தனர். கப்பல் வெடித்தது, மாலுமிகளிற் பாதிப்பேர் மாண்டனர். லுட்விக் இதனை விதியின்மேற் போட்டுவிட்டு அமைந்தாரல்லர். கப்பலோடு சேர்ந்து அசைந்து கொடுக்கும், ஒழுகாத குழாயை ஆக்கினார். தம் கப்பலமைப்புக்கு அவர் காப்புரிமை தேடவுமில்லை.

1888 ஏப்பிரல் 12இல் பிரான்சின் கான் நகரில் அவர் காலமானார். இறந்தவர் அல்பிரட்டே எனப் பிறழவுணர்ந்து பத்திரிகை ஒன்று அவரைப் பழித்தெழுதியதென்றும், அதுவே பரிசுகளுக்கு வித்தாயிற்றென்றும் நெடுங்காலமாகச் சொல்லப்படுகின்றது. அண்ணன் சாவிலும் புகழ் தம்பிக்கே போயிற்று!

லுட்விக் தொடங்கிய பணி அவரோடு முடியவில்லை. 1989இல் எக்ஸொன் வல்டீஸ் அலாஸ்காக் கரையிற் பாறையில் மோதி ஏறக்குறைய 37,000 தொன் எண்ணெயைக் கடலிற் கொட்டியது. அதன் பின்னரே, 1992இல், புதிய எண்ணெய்க் கப்பல்களுக்கு இரட்டைச் சுவர் வேண்டுமென உலக நாடுகள் விதித்தன. ஒவ்வொரு விதியின் பின்னாலும் ஓர் அழிவு நிற்கின்றது.

2020 செப்டெம்பரில் நம் கிழக்குக் கரையிற் சங்கமன்கண்டிக்கு அப்பால், ஏறத்தாழ 270,000 தொன் மசகு எண்ணெயுடன் சென்ற நியூ டயமண்ட் கப்பலின் இயந்திர அறையில் தீ மூண்டது. மாலுமி ஒருவர் மாண்டார். கப்பலின் எரிபொருள் கசிந்து கடலிற் படர்ந்தது. ஆயினும் தொட்டிகளிலிருந்த மசகு எண்ணெயைத் தீ எட்டவில்லை. 1881இல் எண்ணெய் நெருப்பைத் தேடிச் சென்றது. 2020இல் நெருப்பு எண்ணெயை அடையாது நின்றது. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தொலைவே லுட்விக்கும் அவர்வழி வந்தோரும் உலகுக்கு ஈட்டித் தந்த செல்வம் எனக் கருதுகின்றேன். அதற்குப் பரிசில்லை, நன்றியேனும் இருத்தல் வேண்டும்.