ஆற்றை அளந்தவர்

கித்துல்கலையில் ரப்பர் படகில் போகிறவர்கள் மழையை விசாரிக்கும் அதே மூச்சில், மேலே மின்நிலையம் எப்போது தண்ணீர் விடும் என்றும் விசாரிப்பார்கள். ஹற்றனில் பிறந்து வளர்ந்த எனக்கு இது புதினமாக இருந்தது. களனி கங்கைக்கு நேரசூசி எழுதியது யார் என்று தேடியபோதுதான் டி. ஜே. விமலசுரேந்திரவின் வாழ்க்கையைப் படித்தேன்.

1874இல் காலியில் பிறந்தவர். கொழும்பு ஆனந்தா கல்லூரியில் படித்து, பொதுவேலைத் திணைக்களத்தில் சேர்ந்தார். மஸ்கெலியா ஓயா, கெஹெல்கமு ஓயா பக்கங்களில் தங்கம் கிடைக்குமா என்று பார்க்க அனுப்பப்பட்டவர், பாறைகளில் விழுந்து வீணாகும் தண்ணீரைக் கண்டார். எவ்வளவு தண்ணீர் வருகிறது, எவ்வளவு உயரம் இறங்குகிறது? இந்த இரண்டு கணக்கிலிருந்துதான் மின்சாரம் பிறக்கிறது.

கயாக்கில் கடினமான நீரோட்டத்தில் இறங்கத் திட்டமிடுபவருக்கும் இதே இரண்டு கணக்குத்தான். முதலில் கரையோரமாக நடந்து பார்க்க வேண்டும். பாறை எங்கே, சுழி எங்கே, படகு கவிழ்ந்தால் கரையேற இடம் உண்டா என்று பார்த்துவைக்க வேண்டும். கீழே வெயிலடிக்கும்போதே மஸ்கெலியா மழை ஆற்றை உயர்த்திவிடும். ஆற்றை நடந்து படிக்காதவர் அதில் இறங்கக்கூடாது என்றே எனக்குத் தோன்றுகிறது. விமலசுரேந்திர படகில் போகவில்லை. ஆனால் இந்த ஆற்றை அவர் அளவுக்குப் படித்தவர் அந்நாளில் யார்?

நுவரெலியா நகருக்காக பிளக்பூலில் ஒரு சிறிய நீர்மின் நிலையத்தை அமைத்துக் காட்டினார். 1918இல், இந்த ஆறுகளிலிருந்து நாட்டுக்கே மின்சாரம் எடுக்கலாம் என்று பொறியியலாளர்கள் முன் கட்டுரை வாசித்தார். ஆட்சியாளர்கள் அக்கறை காட்டவில்லை. பிறகு தொடங்கிய வேலையும் இடையில் நின்றுபோனது. மனிதர் சோரவில்லை. பதவியை விட்டபின் 1931இல் இரத்தினபுரியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவாகி, அங்கேயும் இதையே பேசினார்.

லக்ஷபான மின்நிலையம் 1950இல் இயங்கத் தொடங்கியது. கட்டுரைக்கும் மின்சாரத்துக்கும் இடையே 32 ஆண்டுகள்! 1953இல் அவர் காலமானார். இன்று நோர்ட்டன்பிரிட்ஜ் மின்நிலையத்துக்கு அவர் பெயர். அங்கே சுழலிகளைச் சுற்றிய நீர் லக்ஷபான, பொல்பிட்டிய நிலையங்களையும் கடந்து, கித்துல்கலைப் படகுகளுக்குக் கீழே நுரைக்கிறது.

ஒன்று மட்டும் எனக்கு உறுத்துகிறது, தோழியரே. எங்கள் மலைகளில் பிறந்த மின்சாரம் லயங்களுக்கு மேலாகக் கம்பியில் ஏறிக் கொழும்புக்குப் போனது. லயத்துப் பிள்ளைகள் அதன் பிறகும் எத்தனையோ ஆண்டுகள் குப்பி விளக்கில்தான் பாடம் படித்தார்கள். உம்மம்மாவின் கடையில் அந்நாளில் தேயிலைத் தோட்டத்து மக்கள் சம்பள நாளில் முதலில் வாங்குவது அரிசி; அடுத்தது மண்ணெண்ணெய்.