உழவன் மகன் மெண்டல்

காணிக்கு எத்தனை மூட்டை காணும் என்று கேட்பது உழவர் வழக்கம். ஒரு செடியில் எத்தனை காய், ஒரு காயில் எத்தனை விதை, விதையின் எடை என்ன என்று பிரித்துக் கேட்பவர் பயிர் ஆய்வாளர். செடியின் பண்புகளைத் தனித்தனியே எண்ணிப் பார்க்கும் அந்நெறிக்கு அடிகோலியவர் கிரிகோர் மெண்டல் ஆவார்.

1822-ஆம் ஆண்டு, இன்றைய செக் நாட்டுச் சிற்றூரொன்றில் அவர் பிறந்தார். தந்தை சிறு உழவர். வாரத்தில் மூன்று நாள் நிலக்கிழாருக்குக் கூலியின்றி உழைக்கக் கடமைப்பட்டவர். 1838-இல் மரம் விழுந்து தந்தை நலிவுற்றார். மகனின் படிப்பு தடைப்படும் நிலை வந்தது. தங்கை தெரேசியா தன் சீதனத்தில் ஒரு பங்கை ஈந்து அண்ணனைப் படிக்கவைத்தாள்.

1843-இல் மெண்டல் புரூனோ நகர மடத்தில் சேர்ந்தார். 1850-இல் ஆசிரியர் தேர்வில் தேறவில்லை, ஆயினும் தளரவில்லை. 1856 முதல் எட்டாண்டுகள் மடத்துத் தோட்டத்தில் பட்டாணி பயிரிட்டு, ஏழு பண்புகளை ஆராய்ந்தார். உருண்டை விதைச் செடியையும் சுருங்கிய விதைச் செடியையும் கலந்தபோது, முதல் தலைமுறையில் உருண்டை விதைகளே கிடைத்தன. அடுத்த தலைமுறையிலோ 5,474 உருண்டை விதைகளும் 1,850 சுருங்கிய விதைகளும் வந்தன. மறைந்த பண்பு அழியவில்லை, ஒடுங்கியே இருந்தது.

1866-இல் வெளிவந்த அவ்வாய்வை உலகம் பொருட்படுத்தவில்லை. 1884-இல் அவர் மறைந்தார். 1900-இல்தான் அறிஞர் மூவர் அதன் அருமையை உணர்ந்தனர்.

சோயா மொச்சையின் விளைச்சல், பட்டாணி விதையின் வடிவம்போல் ஒரே மரபணுவால் அமைவதன்று. பல மரபணுக்களும் மண்ணும் மழையும் கூடி அதனை அமைக்கின்றன. காய் மிகுந்த செடியில் விதை சிறுத்துவிடுவதும் உண்டு. ஆதலின் ஆய்வாளர் ஒரு செடியின் தோற்றத்தை மட்டும் நம்பாது, அதன் வழிவந்த செடிகளையும் விளைவித்து, எண்ணி, எடைபோட்டே தெரிவு செய்கின்றனர். நம் பாகூர், வில்லியனூர் வயல்களில் விதைக்கும் உளுந்துக்கும் மணிலாவுக்கும் இந்நெறி பொருந்தும்.

மெண்டல் தங்கையின் கடனை மறந்தாரல்லர். அவளுடைய மக்களின் கல்விக்குத் துணைநின்றார். அவர்களுள் இருவர் மருத்துவராயினர்.

இளைஞர்களே! உங்களைப் படிக்கவைக்க நடவுக்கும் களையெடுப்புக்கும் சென்ற அக்காள் தங்கையர் நம் சேரிகளில் எத்தனை பேர்! அக்கடனை மறவாதீர். அடுத்த பிள்ளையைப் படிக்கவையுங்கள். அப்பிள்ளை பெண்ணாயின் முதலில் படிக்கவையுங்கள்.