அடுக்களையில் எழுந்த ஆலயம்

குடும்பப் பாரத்தைச் சுமப்பவருக்கு ஆன்மிக வாழ்க்கை கைகூடுமா? எல்லாச் சமயத்தாரிடமும் எழும் கேள்வி இது. பிரார்த்தனைக்கு அமர்ந்தால் குழந்தை அழுகிறது. நூலை எடுத்தால் அடுப்பு அழைக்கிறது. மனம் சற்று அடங்கும் வேளையில் கடன்காரர் கதவைத் தட்டுகிறார். இவையெல்லாம் தீர்ந்த பிறகு இறைவனை நினைக்கலாம் என்று காத்திருப்பவர்கள் பலர். அப்படிக் காத்திருக்காமல், ஏசுநாதர் போதித்த அன்பையும் பொறுமையையும் மன்னிப்பையும் பத்துக் குழந்தைகள் வளர்ந்த ஓர் ஏழை இல்லத்தில் வாழ்ந்து பார்த்தவர் சூசன்னா வெஸ்லி அம்மையார். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தோற்றுவித்த ஜான் வெஸ்லிக்கும், ஆயிரக்கணக்கான பக்திப் பாடல்களை இயற்றிய சார்லஸ் வெஸ்லிக்கும் அவர் தாய்.

1669-ஆம் ஆண்டு ஜனவரி 20-ஆம் நாள் லண்டனில் சூசன்னா பிறந்தார். தந்தை சாமுவேல் ஆன்ஸ்லி புகழ்பெற்ற போதகர். மனச்சாட்சியின் பொருட்டு அரசாங்கத் திருச்சபையை விட்டு விலகியவர். அவருடைய இருபத்தைந்து மக்களுள் கடைசியாகப் பிறந்தவர் சூசன்னா. தந்தையின் நூலகமே மகளின் கல்விக்கூடம். விளையாட்டுக்கும் பொழுதுபோக்கிற்கும் செலவிடும் நேரம் தனிப் பிரார்த்தனைக்குச் செலவிடும் நேரத்தை மிஞ்சக் கூடாது என்று இளமையிலேயே அவர் தமக்கு ஒரு விதி வகுத்துக்கொண்டார். 1688-இல் சாமுவேல் வெஸ்லி என்ற இளைஞரை மணந்தார். சில ஆண்டுகளில் லிங்கன்ஷயர் பகுதியிலுள்ள எப்வர்த் என்னும் சிற்றூருக்குச் சாமுவேல் பாதிரியாராக நியமிக்கப்பட்டார். அந்த ஊரே அம்மையாரின் தவச்சாலை ஆயிற்று.

கணவர் கல்விமான், கவிஞர், பக்திமான்; ஆனால் முன்கோபி. கையில் பணம் தங்காதவர். ஒருநாள் குடும்பப் பிரார்த்தனையில் மூன்றாம் வில்லியம் மன்னருக்காக அவர் வேண்டியபோது மனைவி 'ஆமென்' சொல்லாததைக் கவனித்தார். நாடிழந்த ஜேம்ஸின் மரபினரே உரிமையுள்ள அரசர் என்பது அம்மையாரின் எண்ணம். வெகுண்ட கணவர் வீட்டை விட்டு லண்டனுக்குச் சென்றுவிட்டார். தம் செயல் பாவம் என்று எவரேனும் உணர்த்தினால் மன்னிப்புக் கேட்க அம்மையார் ஆயத்தமாக இருந்தார்; ஆனால் உள்ளத்தில் இல்லாத வருத்தத்தை உதட்டில் காட்ட அவருக்கு மனம் வரவில்லை. 1702-இல் மன்னர் காலமானார். அவ்வாண்டு வீட்டின் ஒரு பகுதியும் தீக்கிரையாயிற்று. பிணக்கு தீர்ந்து இருவரும் மீண்டும் இணைந்தனர். மறு ஆண்டு ஜான் பிறந்தார்.

1690 முதல் 1709 வரை அம்மையார் பெற்ற மக்கள் பத்தொன்பது பேர். அவர்களுள் ஒன்பது பேரைச் சிறு வயதிலேயே பறிகொடுத்தார். 1705-ஆம் ஆண்டு நடந்த தேர்தலில் பாதிரியார் எடுத்த நிலை ஊராருக்குப் பிடிக்கவில்லை. ஒரு கூட்டம் இரவெல்லாம் வீட்டுக்கு வெளியே பறையடித்துக் கூச்சலிட்டது. தூக்கமிழந்து களைத்திருந்த செவிலி விடியற்காலையில் அயர்ந்துபோக, அவளருகில் கிடந்த பச்சிளங்குழந்தை மூச்சுத் திணறி இறந்தது. அதே ஆண்டில், ஏறத்தாழ முப்பது பவுன் கடனுக்காகக் கணவர் லிங்கன் கோட்டைச் சிறையில் அடைக்கப்பட்டார். அம்மையாரிடம் பணம் இல்லை. தம் மோதிரங்களைக் கழற்றிச் சிறைக்கு அனுப்பினார்; கணவர் அவற்றை ஏற்க மனமின்றித் திருப்பி அனுப்பிவிட்டார். பின்னர் யார்க் பேராயர், எப்போதாவது உணவின்றி இருந்ததுண்டா என்று அவரிடம் பரிவுடன் வினவினார். உணவு முற்றிலும் இல்லாமற்போனதில்லை. ஆனால் அதைப் பெறுவதற்கு முன்பு பட்ட கவலையும், உண்ட பின் அதற்குரிய விலையைத் தருவதற்குப் பட்ட பாடும் அதன் சுவையைக் கெடுத்துவிட்டன என்பதே அவர் தந்த விடையின் பொருள்.

இத்தகைய வீட்டில்தான் அவர் ஒரு பள்ளியை நடத்தினார். காலை மூன்று மணி நேரம், பிற்பகல் மூன்று மணி நேரம் பாடம். குழந்தைக்கு ஐந்து வயது நிறைந்த மறுநாள் எழுத்தறிவித்தல் தொடங்கும். பெரும்பாலான குழந்தைகள் ஒரே நாளில் எழுத்துகள் அனைத்தையும் கற்றுக்கொண்டன. அடுத்து, பைபிளின் முதல் அதிகாரமே வாசிப்புப் பாடம். பெண்களுக்கு வேலை பழக்குவதற்கு முன் நன்றாக வாசிக்கக் கற்றுத்தர வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தார். அக்காலத்திற்கு அது அரிய எண்ணம்.

அந்த வீட்டுக்கென்று சில விதிகள் இருந்தன. செய்த தவற்றை உண்மையாக ஒப்புக்கொண்டு திருந்துவதாகச் சொல்லும் குழந்தைக்கு அடி இல்லை. ஒரு தவற்றுக்கு இருமுறை தண்டனை இல்லை. பிற்பாடு அதைச் சொல்லிக்காட்டுவதும் இல்லை. தன் விருப்பத்தை அடக்கிக் கீழ்ப்படியும் குழந்தையை அவ்வப்போது பாராட்ட வேண்டும். நல்லெண்ணத்துடன் செய்தது சரியாக அமையாவிட்டாலும் அந்த எண்ணத்தை மதிக்க வேண்டும். பிறர் பொருள் ஒரு குண்டூசியே ஆனாலும் தொடக் கூடாது. கொடுத்த வாக்கைக் காக்க வேண்டும். ஏசுநாதர் போதித்த மன்னிப்பும் வாய்மையும் இவ்வாறு குழந்தைகளின் அன்றாடப் பழக்கமாயின. ஒரு வயதிலேயே பிரம்புக்கு அஞ்சி மெதுவாக அழப் பழக்கிய அவருடைய கண்டிப்பை இன்று நாம் ஏற்க இயலாது. அது அக்காலத்தின் குறை. செய்த தவற்றைச் சொல்லிக்காட்டாத பெருந்தன்மையோ எக்காலத்துக்கும் உரியது.

1709 பிப்ரவரி 9-ஆம் நாள் இரவு வீடு முழுவதும் தீப்பற்றி எரிந்தது. நிறைகர்ப்பிணியாக இருந்த அம்மையார் தீயினூடே நடந்து வெளியேறினார். ஐந்து வயது ஜான் மட்டும் மாடியில் சிக்கிக்கொண்டான். ஒருவர் தோள்மீது ஒருவர் ஏறி நின்று, ஊரார் அவனைச் சன்னல் வழியே மீட்டனர். வீடு மீண்டும் கட்டப்படும் வரை குழந்தைகள் பல இல்லங்களில் பிரிந்து வாழ நேர்ந்தது. திரும்பி வந்தபோது நல்ல பழக்கங்கள் பல குலைந்திருப்பதை அம்மையார் கண்டார். மனம் சோராமல், சங்கீதம் பாடிப் பாடத்தைத் தொடங்கும் வழக்கத்துடன் எல்லாவற்றையும் முதலிலிருந்து ஆரம்பித்தார்.

இந்த நிலையில்தான் நம் தமிழகக் கடற்கரையிலிருந்து ஒரு தூண்டுதல் அவரை எட்டியது. 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்து, தமிழைக் கற்றுத் தொண்டாற்றிய சீகன்பால்கு முதலியோரின் பணி பற்றிய நூல் ஒன்று இங்கிலாந்தில் வெளியாகியிருந்தது. கணவரின் படிப்பறையில் மூத்த மகள் எமிலியா அதைக் கண்டெடுத்தாள். வாசிக்கக் கேட்ட அம்மையாரின் உள்ளம் பல நாட்கள் அதிலேயே ஆழ்ந்திருந்தது. தாம் ஆணும் அல்லர், போதகரும் அல்லர். கடல் கடந்து செல்லவும் இயலாது. எனினும் இப்போது செய்வதைவிடச் சற்று அதிகமாகச் செய்ய இயலாதா என்று எண்ணினார். எங்கே தொடங்குவது? தம் குழந்தைகளிடமே தொடங்கினார். ஒவ்வோர் இரவும் ஒரு குழந்தையுடன் தனியே அமர்ந்து அதன் மனத்திலுள்ளவற்றைக் கேட்டு உரையாடினார். ஜானுக்கு வியாழக்கிழமை, சார்லஸுக்குச் சனிக்கிழமை, மூத்த பெண்கள் இருவருக்கு ஞாயிற்றுக்கிழமை என முறை வைத்துக்கொண்டார். பல ஆண்டுகளுக்குப் பின், ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த ஜான், அந்த வியாழக்கிழமை மாலையைத் தமக்காக மீண்டும் ஒதுக்குமாறு அன்னைக்கு எழுதினார்.

1711-12 குளிர்காலத்தில் கணவர் லண்டன் சென்றிருந்தார். ஞாயிறு மாலையில் அம்மையார் குழந்தைகளுக்கும் பணியாட்களுக்கும் சமையலறையில் பிரார்த்தனை நடத்தி, ஓர் அறவுரையை வாசிப்பார். பணியாள் ஒருவனின் பெற்றோர் தாமும் வரலாமா என்று கேட்டனர். பிறகு அண்டை வீட்டார் வந்தனர். கூட்டம் இருநூறு பேருக்கு மேல் பெருகியது. நிற்கவும் இடமின்றிப் பலர் திரும்பிச் சென்றனர். கணவருக்குப் பதிலாகப் பணியாற்றிய துணைப் பாதிரியார் இதைக் குறித்துப் புகார் எழுதினார். ஒரு பெண் இவ்வாறு செய்வது முறையன்று எனக் கணவரும் தயங்கி எழுதினார். அம்மையார் சினம் கொள்ளவில்லை. பகைத்திருந்த அண்டை வீட்டார் நட்புக் கொண்டதையும், ஆலயத்தை எட்டிப் பாராதவர்கள் அங்கே வரத் தொடங்கியதையும் எடுத்துரைத்தார். நிறுத்தியே ஆகவேண்டும் என்றால், விருப்பமாகச் சொல்லாமல் தெளிவான ஆணையாக இடுமாறு வேண்டினார். இறைவன் திருமுன் கணக்குக் கேட்கப்படும் நாளில் அந்தப் பொறுப்பு தம்மீது விழலாகாது என்றார். கணவர் ஆணையிடவில்லை. கீழ்ப்படிதலும் மனச்சாட்சியும் முரண்படும்போது பணிவு குறையாமல் உறுதி காட்டுவது எப்படி என்பதற்கு இது ஒரு பாடம்.

இத்தனை தவத்துக்கும் பலனாக வீட்டில் இன்பமே நிறைந்தது என்று கூற இயலாது. பெண்மக்கள் பலருக்கு மணவாழ்க்கை துயரமாகவே அமைந்தது. அவர்களுள் கவித்திறம் மிக்க ஹெட்டி, 1725-இல் ஒருவரை நம்பி வீட்டை விட்டுச் சென்று ஏமாற்றப்பட்டுத் திரும்பினாள். தந்தை அவளை மனத்துக்கு ஒவ்வாத ஒருவருக்கு அவசரமாக மணமுடித்து வைத்தார். அவர் மனம் கடைசிவரை முழுமையாக இளகவில்லை. அன்னையாலும் அவளை உடனே முன்போல் அணைத்துக்கொள்ள முடியவில்லை. குண்டூசி அளவுத் தவற்றை மன்னிக்கக் கற்றுத்தந்த வீட்டில் பெரிய தவறு மன்னிப்புக்காகக் காத்து நின்றது. ஹெட்டியின் பக்கம் நின்று, அன்பைப் பற்றிப் பிரசங்கம் செய்து தந்தையின் சினத்துக்கு ஆளானவர் ஜான். அன்னையிடம் கற்ற பாடத்தை மகன் வீட்டுக்கே நினைவூட்டினார் எனலாம்.

1735-இல் கணவர் காலமானார். அதன்பின் மக்களின் இல்லங்களில் தங்கிய அம்மையார், இறுதியில் லண்டனில் ஜான் நடத்திவந்த பவுண்டரி என்னும் ஆசிரமம் போன்ற இல்லத்தை அடைந்தார். குருப்பட்டம் பெறாத தாமஸ் மாக்ஸ்பீல்டு என்ற இளைஞர் அங்கே பிரசங்கம் செய்தார். அதைத் தடுக்க ஜான் விரைந்து வந்தார். முதலில் அவர் பேச்சைக் கேள், அதன் பலனைப் பார், பிறகு முடிவு செய் என அறிவுறுத்தினார் அன்னை. அன்று சமையலறையில் கண்ட அனுபவமே அவரை அவ்வாறு பேசவைத்திருக்க வேண்டும். ஜான் கேட்டார், ஏற்றார். மெதடிஸ்ட் இயக்கத்தில் எளிய மக்கள் போதகர்களாக எழ அது வழி திறந்தது.

1742 ஜூலையில், மகனும் மகள்களும் சூழ்ந்திருக்க அம்மையார் உயிர்நீத்தார். தம் உயிர் பிரிந்ததும் அழாமல் இறைவனைத் துதித்துப் பாடவேண்டும் என்பது அவருடைய கடைசி விருப்பம். மக்கள் அவ்வாறே பாடினர். லண்டன் பன்ஹில் பீல்ட்ஸ் இடுகாட்டில் அவர் துயில்கிறார்.

சூசன்னா அம்மையார் மடம் எதையும் நிறுவவில்லை; கடல் கடக்கவில்லை. வாரத்தில் ஒரு மாலையை ஒரு குழந்தைக்கு முழுமையாகக் கொடுத்தார். ஒப்புக்கொண்ட குற்றத்தைச் சொல்லிக்காட்டாமல் விட்டார். தரங்கம்பாடித் தொண்டர்களின் கதையைக் கேட்டபோது, தாம் நின்ற இடத்திலிருந்தே தொண்டைத் தொடங்கினார். இல்லறத்தில் இருக்கும் நாமும் நம் குழந்தைகளுள் ஒருவருக்கென ஒரு மாலைப்பொழுதை இந்த வாரமே ஒதுக்கிவைக்கலாம் அல்லவா?