ஆணுக்கு ஒரு நீதி, பெண்ணுக்கு ஒரு நீதியா? போராடி வென்ற ஜோசபின் பட்லர்

இங்கிலாந்தின் வட பகுதியில் 1828-ம் ஆண்டு ஏப்ரல் 13-ந் தேதி பிறந்தவர் ஜோசபின். வசதியான குடும்பம். 1852-ல் ஜார்ஜ் பட்லர் என்பவரை மணந்தார். மூன்று மகன்களும் ஒரு மகளும் பிறந்தார்கள்.

1864-ல் ஒரே மகள் ஈவா, மாடியில் இருந்து விழுந்து இறந்தாள். வயது ஐந்து! தாய் துடித்துப் போனார்.

1866-ல் குடும்பம் லிவர்பூல் துறைமுக நகருக்குக் குடிபோயிற்று. தன்னைவிடத் துன்பப்படுகிறவர்களைத் தேடிச் சென்றார் ஜோசபின். ஏழைகள் விடுதியில் பெண்கள் தரையில் அமர்ந்து பழைய கயிறு பிரித்துக் கொண்டிருந்தார்கள். அவரும் கூட அமர்ந்து கயிறு பிரித்தார். நோயுற்ற விலைமாதரைத் தன் வீட்டுக்கே அழைத்து வந்து பணிவிடை செய்தார்.

கொடிய சட்டம்

அப்போது பட்டாளத்தில் மேகநோய் பரவி இருந்தது. அதைத் தடுக்க 1864, 1866, 1869-ம் ஆண்டுகளில் சட்டங்கள் வந்தன. படைவீரர்கள் தங்கும் ஊர்களில், ஒரு பெண்ணை விலைமாது என்று போலீசார் சந்தேகப்பட்டாலே போதும். அவள் டாக்டரின் சோதனைக்கு உடன்பட வேண்டும். மறுத்தால் சிறை! நோய் இருந்தால் மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியில் அடைத்து வைப்பார்கள்.

அவளிடம் வந்த ஆணுக்கு? சோதனையும் இல்லை, தண்டனையும் இல்லை!

இந்த அநீதியை ஜோசபின் எதிர்த்தார். 1869-ல் பெண்கள் சங்கம் அமைத்தார். 1870-ல் கோல்செஸ்டர் நகர இடைத்தேர்தலில், சட்டத்தை ஆதரித்த வேட்பாளருக்கு எதிராகப் பிரசாரம் செய்தார். முரடர்கள் அவர் தங்கிய ஓட்டலைச் சூழ்ந்து மிரட்டினார்கள். ஓட்டல்காரர் அவரை வெளியேறச் சொன்னார். ஜோசபின் அஞ்சவில்லை. அந்த வேட்பாளர் தோற்றார்.

வெற்றி

1886-ல் சட்டங்கள் ரத்து ஆயின. இந்தியாவிலும் 1868 முதல் இதே போன்ற சட்டம் இருந்தது. அதையும் அவர் எதிர்த்தார். அது 1888-ல் ஒழிந்தது. 1906 டிசம்பர் 30-ந் தேதி ஜோசபின் காலமானார்.

எச்.ஐ.வி. கிருமியை அன்று யாரும் அறியவில்லை. ஆனால் அவர் காட்டிய வழி இன்றும் பயன்படுகிறது. 1992-ல் கல்கத்தா சோனாகாச்சியில் எய்ட்ஸ் தடுப்புப் பணி தொடங்கியபோது, போலீசை ஏவவில்லை. அங்குள்ள பெண்களே தோழியரிடம் ஆணுறையின் அவசியத்தை எடுத்துச் சொன்னார்கள். சம்மதம் பெறாமல் எச்.ஐ.வி. சோதனை செய்யக்கூடாது என்பதே இந்தியாவின் 2017-ம் ஆண்டுச் சட்டத்தின் பொது விதி.

மிரட்டினால் நோயாளி ஒளிந்து கொள்வார். மதித்து அழைத்தால் மருந்துக்கு வருவார்.