மாருதி என்ஜினில் ரேஸ் கார்... பணக்கார விளையாட்டை மாற்றிக் காட்டிய கோவை கரிவரதன்!

திருச்செங்கோடு:

திருச்செங்கோடு என்றதும் முதலில் நினைவுக்கு வருவது மலை மேல் இருக்கும் அர்த்தநாரீஸ்வரர். அடுத்தது ரிக் வண்டி. சேசிஸை மட்டும் வாங்கி வந்து, பாடி கட்டி, போர்வெல் மிஷினை ஏத்தி, வடநாடு வரைக்கும் அனுப்பி வைக்கும் ஊர் இது. எத்தனை டன் ஏறுதோ அதுக்குத் தக்கபடி ஸ்பிரிங் பட்டையைக் கூட்டணும், ராத்திரி பகலா ஓட்டுற டிரைவருக்கு இடுப்பு வலி வராத மாதிரி சீட் போடணும் என்பதெல்லாம் இங்குள்ள பட்டறைக்காரர்களுக்கு அத்துப்படி.

இதே ஸ்பிரிங், இதே சீட் விஷயத்தை வேறு ஒரு பாதையில் கொண்டுபோய், இந்தியாவையே திரும்பிப் பார்க்க வைத்தவர் ஒருவர் இதே கொங்கு மண்ணில் இருந்தார். லாரிக்கு அல்ல, ரேஸ் காருக்கு! அவர்தான் கோவை எஸ்.கரிவரதன். பந்தய வட்டாரத்தில் சுருக்கமாக கரி.

மில் குடும்பத்துப் பிள்ளை

1954-ம் ஆண்டு பிறந்தவர் கரிவரதன். கோவையில் பெயர் பெற்ற லட்சுமி மில்ஸ் குடும்பத்தைச் சேர்ந்தவர். பணத்துக்குக் குறை இல்லை. உட்கார்ந்த இடத்தில் நிர்வாகத்தைப் பார்த்துக்கொண்டு காலத்தை ஓட்டியிருக்கலாம். ஆனால் அவருக்குப் பிடித்தது வேகம். தரையில் காரு, வானத்தில் விமானம் என இரண்டிலும் கிறுக்கு!

அவர் வளர்ந்த கோவை அப்போதே லேத் பட்டறைக்கும் பவுண்டரிக்கும் பேர் போன ஊர். பம்ப்செட் மோட்டார், மில் மிஷின் பாகம் என எதைக் கேட்டாலும் செய்து கொடுக்கும் கைகள் அங்கே இருந்தன. ரேஸ் கார் கட்டுவதற்கு வேண்டிய வெல்டிங்கும் கடைசலும் ஊருக்குள்ளேயே கிடைத்தது.

சோழவரம் திருவிழா

அந்தக் காலத்தில் கார் பந்தயம் என்றால் சென்னை அருகே உள்ள சோழவரம்தான். இரண்டாம் உலகப் போர் சமயத்து விமான ஓடுதளம் அது. வருஷத்துக்கு ஒருமுறை அங்கே நடக்கும் பந்தயத்தைப் பார்க்க ஆயிரக்கணக்கில் கூட்டம் அலைமோதும்.

அங்கே ஓடிய வண்டிகளைப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். ரோட்டில் ஓடும் பியட்டும் அம்பாசடரும் ஹெரால்டும் ஒருபக்கம். வீட்டிலும் பட்டறையிலும் வைத்து ஸ்பிரிங்கை இறக்கி, சீட்டைக் கழற்றிப் போட்டு, என்ஜினைக் கிண்டிவிட்டுக் கொண்டு வந்திருப்பார்கள். இன்னொரு பக்கம், வெளிநாட்டில் இருந்து கப்பலில் வந்த நிஜ ரேஸ் கார்கள். தொழிலதிபர் விஜய் மல்லையா 1980-களின் தொடக்கத்தில் அங்கே ஓட்டியது ஒரு பழைய பார்முலா ஒன் கார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதில் யார் ஜெயிப்பார்கள்? பெரும்பாலும் யார் வண்டி உசத்தியோ அவர்கள்தான். நன்றாக ஓட்டத் தெரிந்தும் நல்ல வண்டி இல்லாத பையன் பின்னால்தான் வரவேண்டும். அந்த சோழவரத்தில் கரிவரதனும் பெயர் பெற்ற ரேஸ் வீரர்தான். வசதியும் இருந்தது. ஆனால் அவர் பெயர் நிலைத்தது, மற்றவர்களுக்காக அவர் கட்டிய வண்டியால்.

ஊருக்கே தெரிந்த என்ஜின்

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. 796 சிசி, 3 சிலிண்டர். குதிரைத்திறன் 40-ஐக் கூட எட்டாது. ஆபீசுக்குப் போக, குடும்பத்தோடு கோயிலுக்குப் போக என்று வாங்கிய வண்டி அது. அந்தச் சின்ன என்ஜினை வைத்துத்தான் ரேஸ் கார் கட்டினார் கரிவரதன்.

மாருதி காரில் என்ஜின் முன்னால் இருக்கும். கரியின் வண்டியில் அது டிரைவரின் முதுகுக்குப் பின்னால் போனது. இரும்புக் குழாய்களைப் பற்ற வைத்து சட்டம், மேலே பைபர் கூடு, வெளியே தெரியும் நாலு சக்கரம், ஒரே ஒரு சீட். பார்க்க வெளிநாட்டு ரேஸ் கார் மாதிரி. ஆனால் என்ஜின் ரிப்பேர் ஆனால் உள்ளூர் மெக்கானிக்கே பார்த்துவிடலாம். பாகமும் கடையில் கிடைக்கும். விலையும் இறக்குமதிக் காரோடு ஒப்பிட முடியாத அளவுக்குக் குறைவு. இதுதான் 1980-களின் கடைசியில் களம் இறங்கிய பார்முலா மாருதி.

ஸ்பிரிங்கும் சீட்டும் செய்த மாயம்

அவ்வளவு சின்ன என்ஜின் எப்படி ரேசுக்குத் தாங்கும்? பதில் என்ஜினில் இல்லை. ஸ்பிரிங்கிலும் சீட்டிலும் எடையிலும் இருக்கிறது.

லாரியில் சஸ்பென்ஷன் சுமையைத் தாங்குவதற்கு. ரோட்டுக் காரில் குலுங்காமல் போவதற்கு. ரேஸ் காரில் அதன் வேலையே வேறு. டயரைத் தரையோடு ஒட்ட வைப்பதுதான் அதன் கடமை. வண்டி உயரமாக, ஸ்பிரிங் மெத்தென்று இருந்தால் வளைவில் ஒருபக்கமாகச் சாயும். சாய்ந்தால் உள்பக்க டயரின் பிடி போய்விடும். அதனால்தான் ரேஸ் காரைத் தரையோடு தரையாக இறக்கி, ஸ்பிரிங்கை விறைப்பாக வைத்து, ஷாக் அப்சார்பரையும் அதற்குத் தக்கபடி போடுகிறார்கள். ஸ்பிரிங் மட்டும் விறைப்பாகி, ஷாக் அப்சார்பர் பழசாகவே இருந்தால் வண்டி பந்து மாதிரி குதிக்கும்.

சீட் விஷயமும் அப்படித்தான். ரோட்டுக் காரில் நிமிர்ந்து உட்காருகிறோம். ஒற்றை சீட் ரேஸ் காரில் காலை நீட்டி, பாதி படுத்த மாதிரி உட்கார வேண்டும். ஆளின் எடை கீழே இறங்கினால் வண்டியின் மொத்த பாரமும் கீழே இறங்கும். சீட் உடம்பை இறுக்கிப் பிடித்திருக்கும். பெல்ட் தோளையும் இடுப்பையும் சேர்த்துக் கட்டியிருக்கும். இல்லாவிட்டால் ஒவ்வொரு வளைவிலும் டிரைவர் ஸ்டீயரிங்கைப் பிடித்துத் தொங்க வேண்டியதுதான். அப்புறம் எங்கே வண்டியைத் திருப்புவது?

ரோட்டுக் காரை வீட்டில் வைத்து இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சம் மாற்றினால் இதில் பாதிதான் கிடைக்கும். முதல் குழாயில் இருந்தே ரேசுக்காகக் கட்டியதுதான் கரி வண்டியின் பலம்.

எல்லோருக்கும் ஒரே வண்டி

பார்முலா மாருதி பந்தயத்தில் எல்லோருக்கும் ஒரே மாதிரி சட்டம், ஒரே மாதிரி என்ஜின். அப்பா பணக்காரர் என்பதால் பெரிய என்ஜின் போட முடியாது. முந்த வேண்டுமானால் பிரேக்கை எங்கே மிதிப்பது, வளைவில் எப்படி நுழைவது என்று தெரிந்திருக்க வேண்டும். திறமை இருந்தால் தெரிந்துவிடும். இல்லாவிட்டாலும் தெரிந்துவிடும்!

1990-ல் சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டையில் முறையான ரேஸ் டிராக் வந்தது. அங்கே இந்தச் சின்ன வண்டிகள் சீறிப் பாய்ந்தன. கோவையைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் தன் முதல் பந்தயத்தை ஓட்டியது பார்முலா மாருதியில்தான். முதல் ரேசிலேயே முதல் 3 இடத்துக்குள் வந்தார். அதே நரேன்தான் 2005-ல் ஜோர்டான் அணிக்காக பார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியர். 2010-ல் பார்முலா ஒன்னுக்குப் போன சென்னை கருண் சந்தோக்கும் பார்முலா மாருதியில் தொடங்கியவர்தான்.

பறந்து போன உயிர்

நரேனும் கருணும் பார்முலா ஒன்னில் ஓட்டியதைப் பார்க்க கரிவரதன் இல்லை. 1995-ம் ஆண்டு ஆகஸ்டில் நடந்த விமான விபத்தில் அவர் உயிரிழந்தார். வயது நாற்பதை ஒட்டித்தான் இருக்கும். தரையில் அத்தனை வேகத்தைத் தாண்டி வந்தவரை வானம் வாங்கிக்கொண்டது. நரேன் பார்முலா ஒன்னில் கால் வைக்க அப்போது இன்னும் 10 வருஷம் பாக்கி.

ஆனால் அவர் போட்ட பாதை மூடவில்லை. கோவை அருகே செட்டிபாளையத்தில் 2003-ல் திறக்கப்பட்ட ரேஸ் டிராக்குக்கு கரி மோட்டார் ஸ்பீட்வே என்று அவர் பெயரையே வைத்தார்கள். சுமார் 2 கிலோமீட்டர் நீளம். தேசிய அளவிலான பந்தயங்கள் அங்கே நடக்கின்றன. பார்முலா மாருதிக்குப் பின்னால் வந்த எல்ஜிபி பார்முலா 4 கார்களும் மாருதி என்ஜினை வைத்துக் கோவையில் உருவானவைதான்.

ரோட்டில் வேண்டாமே!

கரியின் கதையைக் கேட்டு, வீட்டு வாசலில் நிற்கும் காரின் ஸ்பிரிங்கை அறுத்து இறக்கலாம் என்று யாரும் கிளம்பிவிடக் கூடாது. அவர் கட்டியது டிராக்கில் ஓட்டுவதற்கு. பொது ரோட்டில் ஓடும் வண்டியை, கம்பெனி கொடுத்த அமைப்பில் இருந்து மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு தடுக்கிறது. 2019-ல் சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதி செய்தது. மீறினால் ஒரு மாற்றத்துக்கு 5 ஆயிரம் ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை ஜெயில், அல்லது இரண்டும் சேர்ந்து வரும். வேகத்தடையில் அடி தட்டி, வளைவில் கட்டுப்பாடு போனால் அபராதத்தோடும் நிற்காது.

நிஜமாகவே ஆசை இருக்கிற பையன்களுக்கு வழி இருக்கிறது. பள்ளிபாளையம், ஈரோடு, அவினாசி வழியாகக் கோவைக்குப் போய், செட்டிபாளையத்துக்கு வண்டியைத் திருப்பினால் போதும். லைசென்ஸ் எடுத்து, ஹெல்மெட் மாட்டி, பெல்ட் கட்டி ஓட்டலாம். அந்த டிராக்கின் நுழைவாயிலில் இருக்கும் பெயர், கரி!