தந்தி தந்த மருத்துவர்

ஹூக்ளி வழியே கல்கத்தாத் துறைக்கு வரும் கப்பல் எதுவாயினும் கார்டன் ரீச்சைக் கடந்தே ஆகவேண்டும். அதன் எதிர்க்கரையில் சிப்பூர்த் தாவரவியல் தோட்டம். அங்கே 1839-இல் மூங்கில்களில் கம்பி கட்டி, மின்சாரத்தால் செய்தி அனுப்பிப் பார்த்தார் ஒருவர். அவர் பொறியியல் கற்றவரல்லர், மருத்துவர். வில்லியம் புரூக் ஓஷானசி என்பது பெயர்.

அயர்லாந்தின் லிமெரிக்கில் 1809-இல் பிறந்து, எடின்பரோவில் மருத்துவம் பயின்று, 1833-இல் கும்பினி ஊழியராக வந்தவர். கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் வேதியியல் பேராசிரியரானார். (வாந்திபேதி கண்டவர் உடல் இழப்பது நீரும் உப்புமே என்று 22 வயதில் ஆராய்ந்து கூறியவரும் இவரே. அது தனிக் கட்டுரைக்குரியது.)

தோட்டத்துச் சோதனையை அரசினர் பொருட்படுத்தவில்லை. டல்ஹௌசி பிரபு ஆதரித்த பிறகே, 1851-இல் கல்கத்தாவிலிருந்து டயமண்ட் ஹார்பருக்குத் தந்தி ஓடியது. இங்கேதான் அவரது திறனைக் காண்கிறோம். இங்கிலாந்தின் மெல்லிய கம்பியை அப்படியே நட்டுவிட்டுப் போகவில்லை. புயல் அடிக்கும், குரங்கு தொங்கும், பருந்து அமரும் நாடல்லவா இது! முக்கால் அங்குலத்தில் பாதித் தடிப்புள்ள இரும்புத் தண்டையே கம்பியாக்கினார். மைலுக்கு ஏறத்தாழ ஒரு டன் எடை. செய்தி காட்டும் கருவியையும் தாமே எளிதாக வகுத்தார். ஆட்களையும் தாமே பழக்கினார். டயமண்ட் ஹார்பர் முனையிலிருந்து முதற்குறி அனுப்பியவர் அவரிடம் பழகிய சிவச்சந்திர நந்தி என்னும் வங்காளி. கம்பியும் கருவியும் ஆளும் ஒன்றற்கொன்று பொருந்தாவிடில் தந்தி இல்லை என்பதை அவர் நன்குணர்ந்திருந்தார்.

1852 ஏப்ரலில் இரங்கூன் வீழ்ந்த செய்தியோடு 'ராட்டில்ஸ்னேக்' கப்பல் ஆற்று முகத்தை அடைந்தது. அது கார்டன் ரீச்சை எட்டுமுன்னரே கல்கத்தாவில் செய்தி பரவிவிட்டது! இனி ஐயுறுவார் யார்?

1853 நவம்பரில் தொடங்கிய வேலை, 1854 மார்ச்சில் 800 மைல் தொலைவிலுள்ள ஆக்ராவை எட்டியது. 1855-இல் பொதுமக்களும் தந்தி கொடுக்கலாயினர். கல்கத்தாவிலிருந்து சென்னைக்கு அனுப்பும் செய்தி ஆக்ராவையும் பம்பாயையும் சுற்றிக்கொண்டுதான் அந்நாளில் வந்தது!

இவை அனைத்தும் நம் மக்களுக்காகவே செய்யப்பட்டன என்று மயங்க வேண்டா. 1857-இல் ஆங்கிலேயருக்குப் பெருந்துணையாய் நின்றது இத்தந்தியே. ஆயினும் ஓஷானசியிடம் பிடிவாதம் இல்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். சிறந்தது கிடைத்ததும் தம் கருவியைத் தாமே ஒதுக்கி, மோர்ஸ் கருவியை ஏற்றார். 1856-இல் 'சர்' பட்டம் பெற்ற அவர், 1889-இல் இங்கிலாந்தில் மறைந்தார்.