காலம் கடந்து ஏறிய கொடுமுடி

ஐவகை நிலங்களுள் குறிஞ்சியை முதலில் வைத்துப் பாடம் நடத்தும் ஆசிரியர்களில் பெரும்பாலோர் மலையை ஏட்டில் கண்டவர்களே. சுனையும் அருவியும் மூங்கிலும் நமக்குச் சொற்களாகத்தான் அறிமுகமாகின்றன. பழமொழிகளைக் கற்பிப்பவருக்கும் மலைக்கும் இடையே உள்ள அத்தொலைவைக் கடந்து காட்டிய பெண்மணி ஒருவர் உண்டு. கிரேக்கமும் இலத்தீனும் கற்று, அவற்றைக் கற்பித்து, நடுவயதில் வகுப்பறையை விட்டுக் கொடுமுடிகளை நோக்கிப் புறப்பட்ட அமெரிக்கப் பேரறிஞர் ஆனி ஸ்மித் பெக் அவர். கவிதையில் தோய்ந்த நெஞ்சங்கள் நிறைந்த நம் வட்டத்தின் பத்தாம் ஆண்டு மலரில் அவருடைய வாழ்வை எண்ணிப் பார்ப்பது பொருத்தமுடையது.

மறுக்கப்பட்ட வாயில்

1850ஆம் ஆண்டு அக்டோபர் 19ஆம் நாள், ரோட் ஐலண்டு மாநிலத்துப் பிராவிடன்ஸ் நகரில் பெக் பிறந்தார். செல்வமும் சமயப்பற்றும் உடைய குடும்பம். மூத்தவர்களாக ஆண்மக்கள் மூவர் இருந்தனர். அவர்களோடு ஓடியாடி, அவர்களுக்கு ஈடுகொடுத்து வளர்ந்தார் பெக். தந்தையும் தமையன்மாரும் பயின்ற பிரவுன் பல்கலைக்கழகத்தின் வாயில், பெண் என்பதால் அவருக்கு அடைபட்டது. பெண்டிரைச் சேர்த்துக்கொள்ளத் தொடங்கியிருந்த மிச்சிகன் பல்கலைக்கழகத்தை அவர் நாடினார். அப்போது தந்தை எழுப்பிய தடை நம் சிந்தனைக்கு உரியது. பட்டம் பெறும்போது மகளுக்கு இருபத்தேழு வயது ஆகிவிடும். அவ்வயதில் பட்டம் எதற்கு என்பதே அவர் கருத்து.

காலம் கடந்துவிட்டது என்னும் தீர்ப்பை இருபத்து நான்கு வயது நிறையும் முன்பே கேட்டவர் பெக். அவர் அதற்குப் பணியவில்லை. 1874இல் மிச்சிகனில் சேர்ந்து, 1878இல் கிரேக்க மொழியில் பட்டமும், 1881இல் முதுகலைப் பட்டமும் பெற்றார். பர்டியூ பல்கலைக்கழகத்தில் இரண்டாண்டுகள் இலத்தீன் கற்பித்தார். பெண்கள் கல்லூரியில் ஆசிரியப்பணி புரிவதே அரிதாக இருந்த காலம் அது.

ஏதென்சுக்குச் செல்லும் வழியில்

1884இல் உயர்கல்விக்காக ஐரோப்பா சென்ற அவர், அடுத்த ஆண்டில் ஏதென்சு நகரின் அமெரிக்கத் தொல்லியல் கல்விக்கூடத்தில் சேர்ந்தார். அங்குச் சேர்த்துக்கொள்ளப்பட்ட முதற்பெண் அவரே. அப்பயணத்தின் இடையில் சுவிட்சர்லாந்து நாட்டில் மேட்டர்ஹார்ன் மலையைக் கண்டார். 4,478 மீட்டர் உயரத்தில் கூரிய ஈட்டிமுனைபோல நிற்கும் மலை அது. 1865இல் அதன் உச்சியை முதன்முதல் எட்டிய எழுவரில் நால்வர் இறங்கும் வழியிலேயே வீழ்ந்து மாண்டனர். அம்மலைமீது ஏறியே தீர்வது என்ற எண்ணம் பெக்கின் நெஞ்சில் அன்று ஊன்றியது. அவ்வெண்ணம் நிறைவேறப் பத்து ஆண்டுகள் ஆயின.

நாடு திரும்பியபின் ஸ்மித் கல்லூரியில் சிறிது காலம் கற்பித்தார். பின்னர்க் கிரேக்கக் கலை, தொல்லியல் ஆகியவை பற்றிப் பொதுமேடைகளில் சொற்பொழிவாற்றிப் பொருளீட்டினார். 1888இல் கலிபோர்னியாவின் சாஸ்தா மலையில் ஏறினார். 1892இல் கல்லூரிப் பணியை அறவே துறந்தார். மாதந்தோறும் வரும் ஊதியத்தை விட்டு, சொற்பொழிவுக் கட்டணத்தை நம்பி வாழத் துணிந்தவர், மணம் புரியாத நாற்பது வயதுப் பெண்மணி. அத்துணிவு மலையேற்றத்தினும் சிறியதன்று.

1895ஆம் ஆண்டு ஆகஸ்டில் மேட்டர்ஹார்ன் உச்சியில் நின்றார். அதனினும் பெரிய பேச்சு அவர் உடையைப் பற்றி எழுந்தது. பாவாடையை விடுத்து, முழங்கால் அளவுக் காற்சட்டையும் மேலங்கியும் அணிந்து ஏறியிருந்தார். பெண் அவ்வாறு உடுத்தலாமா என்று செய்தித்தாள்கள் வாதிட்டன. பனிச்சரிவில் காலில் சிக்கும் பாவாடை உயிருக்கு உலை வைக்கும் என்ற எளிய உண்மை வாதிட்டோர் பலருக்குப் புலப்படவில்லை. சிங்கர் தையல் இயந்திர நிறுவனமோ மலையேற்றக் கோலத்தில் இருந்த அவருடைய படத்தைத் தன் இயந்திரங்களோடு சேர்த்து வழங்கியது! எந்த உடைக்காகப் பழிக்கப்பட்டாரோ, அந்த உடையோடே அவர் இல்லந்தோறும் நுழைந்தார்.

1897இல் மெக்சிகோ நாட்டின் போபோகாட்டபெட்டல், ஒரிசாபா ஆகிய எரிமலைகளில் ஏறினார். ஒரிசாபாவின் உயரம் 5,636 மீட்டர். 1902இல் அமெரிக்க ஆல்பைன் கழகம் தோன்றியபோது அதன் நிறுவன உறுப்பினருள் ஒருவரானார்.

பெரு நாட்டுப் பனிமலை

எவரும் தொடாத ஒரு பெருஞ்சிகரத்தை முதன்முதல் தொடவேண்டும் என்பது அவருடைய அடுத்த வேட்கை. 1903, 1904 ஆகிய ஆண்டுகளில் பொலிவியாவின் சொராட்டா மலையில் முயன்று தோற்றார். பின்னர்ப் பெரு நாட்டு ஹுவாஸ்கரான் மலை அவர் கண்ணில் நின்றது. இரு முடிகளும் இடையே சேணம் போன்ற தாழ்பகுதியும் உடைய பனிமலை அது. 1904இலும் 1906இலும் அங்கு அவர் எடுத்த முயற்சிகள் முறிந்தன. பணமுடை ஒருபுறம், உடன்வந்தோரின் அச்சமும் அனுபவமின்மையும் மறுபுறம். ஒவ்வொரு தோல்விக்குப் பின்னும் ஊர் திரும்பி, சொற்பொழிவாற்றி, கட்டுரை எழுதி, செல்வர்களையும் இதழாசிரியர்களையும் அணுகிப் பொருள் திரட்டினார்.

1908இல் சுவிட்சர்லாந்து நாட்டு வழிகாட்டிகளான ருடால்ஃப் தவுக்வால்டர், காப்ரியேல் சும்தவுக்வால்ட் இருவரையும் அழைத்துச் சென்றார். மலையடிவாரத்து யுங்காய் நகரிலிருந்து புறப்பட்டனர். சுமை தூக்கிய பெரு நாட்டுத் தொழிலாளர் மேல்முகாம் வரை உடன்சென்றனர். முதல் முயற்சி உச்சிக்குக் கீழே நின்றது. மீண்டும் ஏறி, செப்டம்பர் 2ஆம் நாள் வடமுடியை அடைந்தனர். பெக்குக்கு அப்போது 57 வயது நிறைந்திருந்தது.

உச்சியை நெருங்கிய வேளையில், நீர் கொதிக்கும் வெப்பத்தைக் கொண்டு உயரம் அளக்கும் கருவியை இயக்க அவர் முயன்றார். கடுங்காற்றில் தீக்குச்சி பற்றவில்லை. அவர் அளவீட்டில் முனைந்திருந்தபோது ருடால்ஃப் முன்னே சென்று உச்சியை மிதித்துத் திரும்பினார். பல்லாண்டு தவம் கிடந்தவருக்கு முதலடி கிட்டவில்லை. அது அவரைச் சினம்கொள்ளச் செய்தது. ஆனால் இறங்கும் வழியில் நேர்ந்தது அச்சினத்தை அற்பமாக்கியது. இருளில், உறைந்த சரிவில், மூவரும் பன்முறை வழுக்கினர். கயிறும் பனிக்கோடரியும் அவர்களைக் காத்தன. குளிரில் உறைந்துபோன ருடால்ஃபின் ஒரு கையின் பெரும்பகுதியையும், ஒரு பாதத்தின் பாதியையும் பின்னர் வெட்டி நீக்க நேர்ந்தது. கையும் காலுமே பிழைப்புக்கு முதலாகக் கொண்ட தொழிலாளி அவர். பெக்கின் வெற்றியைப் போற்றும்போது இவ்விலையையும் சேர்த்தே எண்ணுதல் அறம்.

உயரம் பற்றிய வழக்கு

அளக்க முடியாத உயரத்தைப் பெக் தாமே மதித்தார். அது 24,000 அடியை எட்டக்கூடும் என்றும், அவ்வாறாயின் அமெரிக்கக் கண்டத்தின் தலைமுடி அதுவே என்றும் கருதினார். இமயப் பகுதியில் 1906இல் 6,900 மீட்டரைக் கடந்திருந்த ஃபேனி புல்லக் ஒர்க்மன் அம்மையார் இதை ஏற்கவில்லை. அவரும் நாற்பத்தேழு வயதில் அவ்வுயரத்தை எட்டியவர். தம் செலவில் நில அளவையாளர்களைப் பெரு நாட்டுக்கு அனுப்பினார். பெருஞ்செலவில் நிகழ்ந்த அந்த அளவை, வடமுடியின் உயரம் 21,812 அடியே என்று காட்டியது. இக்காலக் கணக்கும் ஏறத்தாழ அதுவே: 6,655 மீட்டர். தென்முடி அதனினும் உயர்ந்தது. 1932இல்தான் அதில் மனிதர் ஏறினர்.

இதனை இரு பெண்களின் பொறாமைப் பூசலாகக் கதைப்போர் உளர். ஆண்கள் உயரத்துக்காக வழக்காடினால் அறிவியல் என்றும், பெண்கள் வழக்காடினால் பூசல் என்றும் பெயரிடுவது நேர்மையன்று. அளவையில் ஒர்க்மன் சரியாக இருந்தார். பெக்கின் மதிப்பீடு பிழையானது. ஆயினும் சில ஆயிரம் அடி குறைந்ததால் அவர் ஏறிய ஏற்றம் குறைந்துவிடவில்லை. பெரு நாடு அவருக்குப் பொற்பதக்கம் அளித்தது. பின்னாளில் லிமா புவியியல் கழகம் வடமுடிக்கு அவர் பெயரையே சூட்டியது. மலையோ பெயருக்கும் புகழுக்கும் அப்பாற்பட்டது. 1970ஆம் ஆண்டு மே 31 அன்று நிகழ்ந்த நிலநடுக்கத்தில் அதே வடமுடியிலிருந்து பெயர்ந்த பனியும் பாறையும், அவரை வழியனுப்பிய யுங்காய் நகரைப் புதைத்தன.

முதுமையிலும் ஓயாத நடை

1911இல், அறுபது வயது நிறைந்த நிலையில், பெருவின் கொரோபூனா மலையின் முடிகளுள் ஒன்றில் ஏறி, பெண்களுக்கு வாக்குரிமை கோரும் கொடியை நாட்டினார். அமெரிக்கப் பெண்கள் நாடு முழுவதும் அவ்வுரிமையைப் பெற்றது 1920இல். தென்னமெரிக்காவைப் பற்றி நூல்கள் எழுதினார். எழுபத்தொன்பதாம் வயதில் அக்கண்டத்தை வான்வழியே சுற்றி வந்து, அப்பயணத்தையும் 1932இல் நூலாக்கினார். எண்பது வயதைக் கடந்தபின் நியூ ஹாம்ப்சயரின் மேடிசன் மலையில் ஏறியதே அவருடைய இறுதி மலையேற்றம்.

1935இல், எண்பத்து நான்கு வயதில், உலகப் பயணம் தொடங்கினார். வழியில் ஏதென்சில் அக்ரோபோலிசுக் குன்றின்மீது ஏறும்போது நோயுற்றார். நாடு திரும்பி, ஜூலை 18ஆம் நாள் நியூயார்க்கில் மறைந்தார். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் கிரேக்கம் பயில வந்த நகரில், இளமையில் கற்ற மொழிக்குரிய குன்றில் அவருடைய ஏற்றம் முடிந்தது.

பெக் நூலறிவைத் துறந்து மலையை நாடியவர் அல்லர். ஏறிய மலைகளை எழுத்தாக்கினார். எழுத்தால் ஈட்டியதைக் கொண்டு மீண்டும் ஏறினார். இனி எதற்கு என்று தந்தை கேட்ட வினா அவர் வாழ்நாள் முழுதும் பலர் வாயிலாகத் திரும்பத் திரும்ப எழுந்திருக்கும். நம்மில் நாற்பதைத் தாண்டியபின் முதற்கவிதை எழுதத் தயங்குவோரும், பாதியில் நின்ற ஆய்வை மீண்டும் தொடத் தயங்குவோரும் அவ்வினாவை அறிவர். பெக் அதற்கு வாதத்தால் விடை கூறவில்லை. அடுத்த பயணத்துக்குப் பணம் திரட்டப் புறப்பட்டுவிட்டார்.